காதுகேளாதவருக்கு மனநல ஆலோசனை: மொழிபெயர்ப்பாளரோடு சேர்ந்து பணியாற்றுவது எப்படி?

கேள்வி: நாணல்கரை (உளவியலாளர்)

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணியாற்றுகிறேன். பிறவியிலேயே காதுகேளாத, முப்பது வயதை ஒட்டிய பெண் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்துகொண்டிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். உறக்கமில்லை, சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார் என்று சொல்லி அவருடைய அண்ணி அழைத்து வருகிறார். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கி, ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணியே விடை சொல்லிவிடுகிறார். சில வேளைகளில் அந்தப் பெண் நெடுநேரம் சைகையில் சொல்வதைப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை என்கிறாள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அண்ணியின் அக்கறையில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் திருமணம் முறிந்து பிறந்த வீட்டுக்குத் திரும்ப நேர்ந்ததே அவருடைய துயரத்தின் பெரும்பகுதியாக இருக்கக்கூடும் எனும்போது, அதே வீட்டாரின் வாய்வழியாக அதைக் கேட்டு அறிவது முறையாகுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

எழுதிக் காட்டியும் உரையாடிப் பார்த்தேன். அவர் காதுகேளாதோர் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர்; சைகை மொழியில் சரளமாக உரையாடுபவர். தமிழில் எழுதும்போது மட்டும் உருபுகளும் வினைமுற்றுகளும் விடுபட்டுச் சொற்கள் தனித்தனியாக வருகின்றன. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று எழுதிக் கேட்டதற்கு, "அம்மா சாவு நினைப்பு" என்று எழுதினார். மறைந்த தாயை நினைத்து வருந்துகிறாரா, தாயைப் போலத் தானும் போய்விட வேண்டும் என்கிறாரா என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை.

சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்து ஆலோசனை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். மூன்றாவது நபர் ஒருவர் அறையில் இருந்தால் அவர் மனம் திறப்பாரா? நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வினாத்தாள்களை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில் 1: பொருநை (சைகை மொழிபெயர்ப்பாளர்)

வணக்கம் மேடம். என் பெற்றோர் இருவரும் காதுகேளாதவர்கள். நான் பேசத் தொடங்கியதே சைகையில்தான். மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் மொழிபெயர்த்து வருகிறேன்.

முதலில், அந்த ஒரு கேள்வியை அடுத்த சந்திப்பு வரை தள்ளிப் போடாதீர்கள். நேரில் வர ஆள் கிடைக்காவிட்டாலும் வீடியோ அழைப்பில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, அண்ணியை வெளியே இருக்கச் சொல்லி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா, அதற்கு ஏதேனும் வழி யோசித்திருக்கிறாரா என்பதை இன்றோ நாளையோ நேரடியாகக் கேட்டுவிடுங்கள். சைகை மொழியில் இதைச் சுற்றிவளைத்துக் கேட்டால் குழப்பமே மிஞ்சும். யார் இறந்தார், யார் இறக்க நினைக்கிறார் என்பதை இடம் சுட்டித் தெளிவாகக் காட்ட அந்த மொழியில் இலக்கணம் இருக்கிறது. எழுத்துத் தமிழில் நீங்கள் முட்டிக்கொண்ட ஐயம் அங்கே பெரும்பாலும் எழாது.

சந்திப்புக்கு முன் கால் மணி நேரமாவது மொழிபெயர்ப்பாளரோடு தனியாகப் பேசுங்கள். எதை அறிய விரும்புகிறீர்கள், எந்தக் கேள்வி துயரத்தைக் கிளறக்கூடும், எந்த இடத்தில் சொற்களின் பொருளைவிட அவை வெளிப்படும் விதம் உங்களுக்கு முக்கியம் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மனநலப் பணியில் எங்களுக்குப் பெரிய சிக்கல் இதுதான்: வேறு இடங்களில் தட்டுத் தடுமாறி வரும் சைகையைக் கோவையான தமிழாக்கித் தருவதே நல்ல மொழிபெயர்ப்பு என்று பழகியிருக்கிறோம். ஆனால் ஒருவருடைய சிந்தனை சிதறியிருக்கிறதா என்று நீங்கள் அறிய முயலும்போது, நாங்கள் அந்தச் சிதறலைச் செப்பனிட்டுவிட்டால் நோயின் அடையாளமே மறைந்துபோகும். "இந்த இடத்தில் எனக்குப் பொருள் பிடிபடவில்லை, கைகள் இப்படி அசைந்தன" என்று சொல்ல எங்களுக்கு அனுமதி உண்டு என்பதை நீங்கள்தான் முதலில் உறுதிப்படுத்த வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குப் பக்கத்தில், சற்றே பின்தள்ளி அமரட்டும். அப்போதுதான் அந்தப் பெண்ணால் இருவர் முகத்தையும் ஒரே பார்வையில் காண முடியும். உங்களுக்குப் பின்னால் வெளிச்சம் வரும் ஜன்னல் இருக்கக் கூடாது. "அவரிடம் கேளுங்கள்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லாமல், அவரைப் பார்த்தே "நீங்கள்" என்று பேசுங்கள். அவருடைய மனநிலை பற்றி எங்கள் கருத்தைக் கேட்காதீர்கள். அது எங்கள் வேலையன்று. அவருடைய சைகை மொழியின் தரம், அது பள்ளியில் கற்றதா வீட்டுச் சைகையா என்பதைக் கேட்டால் சொல்வோம்.

மூன்றாம் நபர் முன் மனம் திறப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான அச்சம்தான். ஒரு மாவட்டத்தில் காதுகேளாதோர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள்; திருமணத்திலும் சங்கக் கூட்டத்திலும் எங்களையும் பார்ப்பார்கள். ஆகவே யார் மொழிபெயர்க்க வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். பெண் வேண்டும், வெளி மாவட்டத்தவர் வேண்டும் என்றால் அப்படியே ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் அமைந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஆளை மாற்ற வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அருகிலுள்ள காதுகேளாதோர் பள்ளியும் தகுதியானவரைச் சுட்டிக் காட்டும்.

பதில் 2: குறிஞ்சிமலர் (மனநல மருத்துவர்)

பொருநை அவர்கள் சொன்னதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனைக் குறித்துப் பேசும் 4ஆம் பிரிவில், தகவலை எளிய மொழியிலோ சைகை மொழியிலோ காட்சி வழியாகவோ புரியும்படி தர வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. தன் நோயையும் சிகிச்சையையும் தனக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அறிந்துகொள்ளும் உரிமையை 22ஆம் பிரிவும், இரகசியம் காக்கப்படும் உரிமையை 23ஆம் பிரிவும் தருகின்றன. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதும்போது இந்த மூன்று பிரிவுகளையும் குறிப்பிடுங்கள். சலுகை கேட்பது போல் எழுத வேண்டியதில்லை.

வினாத்தாள்களை அப்படியே பயன்படுத்துவதில் எச்சரிக்கை தேவை. மனச்சோர்வை அளக்க நாம் அன்றாடம் கையாளும் ஒன்பது கேள்வித் தாளில், செய்தித்தாள் படிப்பதில் கவனம் செலுத்த இயலவில்லையா என்று ஒரு கேள்வி வருகிறது. எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியாக இருப்பவர் "ஆம்" என்றால் அது நோயின் அறிகுறியா, கல்வி மறுக்கப்பட்டதன் விளைவா? மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்குப் பேச்சு மெதுவாகிவிட்டதா என்று இன்னொரு கேள்வி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தாளைப் பிரித்தானியச் சைகை மொழிக்குக் கொண்டுவந்து, காதுகேளாதோரிடமே சோதித்துப் பார்த்த பிறகே நம்பிப் பயன்படுத்தினார்கள். நம்மிடம் அப்படி ஒன்று வரும்வரை மதிப்பெண்ணை நம்பாமல், ஒவ்வொரு கேள்வியையும் உரையாடலாக்கிக் கேட்பதே நல்லது.

புருவ உயர்வும் முகச் சுளிப்பும் உடல் அசைவும் சைகை மொழியின் இலக்கணத்தைச் சேர்ந்தவை. அதை அறியாத மருத்துவர் "கிளர்ச்சியுடன் காணப்படுகிறார்" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்; அடுத்து வருபவர் அதைப் படித்து மருந்தைக் கூட்டிவிடுவார்.

மருந்தைப் பற்றி என் துறையினர் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். மனச்சிதைவுக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் கைநடுக்கமும் விறைப்பும் வரலாம். பேசுபவருக்கு நாக்குக் குழறுவதும் சைகை செய்பவருக்குக் கை விறைப்பதும் ஒன்றேதான். நடுக்கத்தைக் குறைக்கத் தரும் மாத்திரையோ பார்வையை மங்கச் செய்யக்கூடும். கண்ணால் மொழி அறிபவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! ஆகவே தேர்வும் அளவும் கவனமாக அமைய வேண்டும், கைகளைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால், கைகளைக் கட்டுவது வாயைக் கட்டுவதற்குச் சமம் என்பதைச் செவிலியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஜான் டென்மார்க் என்ற மனநல மருத்துவர் 1968ஆம் ஆண்டிலேயே பிரெஸ்டன் நகருக்கு அருகிலிருந்த விட்டிங்காம் மருத்துவமனையில் காதுகேளாதோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் செவித்திறன் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் மேல். மாவட்டத்துக்கு ஒரு குழுவையாவது பயிற்றுவிக்க நாம் இன்னும் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வோம்?

பதில் 3: மலையடிவாரம் (சமூகப் பணியாளர்)

கருத்துகள் அனைத்தும் சரியே. ஆனால் எங்களைப் போன்ற மலைப்பகுதி வட்டங்களில் மொழிபெயர்ப்பாளரும் இல்லை, வீடியோ அழைப்புக்குச் சிக்னலும் நிலையாக இல்லை. அங்கே குடும்பத்தாரை விட்டால் வேறு யார்? அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸும் (எண் 14416) குரல் வழியாகத்தான் தொடங்கப்பட்டது. பின்னர் வீடியோ வசதி சேர்ந்தாலும், திரையின் மறுபுறம் சைகை மொழி அறிந்தவர் இருந்தால்தானே பயன்?

பொருநை: அவசரத்தில் குடும்பத்தாரின் உதவியைப் பெறுவது தவறன்று, ஐயா. ஆனால் அன்று கேட்க வேண்டியது பாதுகாப்பு, உணவு, மருந்து ஆகியவற்றை மட்டும். வீட்டைப் பற்றிய கேள்விகளை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள். குழந்தைகளை மட்டும் ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் தற்கொலை எண்ணத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் கொடுமை.

பதில் 4: கைமொழி (காதுகேளாதோர் பள்ளி ஆசிரியை)

நான் காதுகேளாதவள். என் மாணவிகளில் பலர் வளர்ந்த பிறகும் என்னைத் தேடி வந்து பேசுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

காதுகேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் எவருக்கும் சைகை மொழி தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரிக்கும்போது "என்ன?" என்று கேட்டால், "அப்புறம் சொல்கிறேன்" என்பார்கள், அந்த "அப்புறம்" வராது. சாப்பிடு, குளி, வா, போ என்பதற்கு மேல் மொழியே இல்லாத வீட்டில், வருத்தத்தை யாரிடம் எந்த மொழியில் சொல்வது? அந்தப் பெண்ணின் திருமண முறிவைப் பற்றிக் கேட்கும்போது, அதற்கு முந்தைய இந்தத் தனிமையைப் பற்றியும் கேளுங்கள் மேடம். அவருடைய தாயார் மட்டும் ஓரளவு சைகை அறிந்தவராக இருந்திருந்தால், அந்த மரணத்தோடு வீட்டில் அவர் உரையாட இருந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்று பொருள்.

காதுகேளாதோர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். சிலர் இந்தியச் சைகை மொழியில் தேர்ந்தவர்கள்; சிலர் உதட்டசைவைப் படித்தே பழகியவர்கள்; பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகை மட்டும் அறிந்தவர்களும் உண்டு. கடைசி வகையினரிடம் திறமையான மொழிபெயர்ப்பாளரே தடுமாறுவார். அப்போது காதுகேளாதவர் ஒருவரை இடையில் அமர்த்துங்கள். எங்கள் வாழ்க்கையே குறிப்பறிதல் என்பதால், படம் வரைந்தும் நடித்துக் காட்டியும் பொருளை எட்டிவிடுவோம். உதவி பெறுபவர்களாக மட்டும் எங்களைப் பார்க்காமல், உங்கள் குழுவில் ஊதியம் பெறும் உறுப்பினர்களாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அண்ணியை விலக்கிவிடவும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதே, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு அவரையும் ஒருமுறை அமர வையுங்கள். அப்போது அந்தப் பெண் சொல்வது முழுவதையும் அவர் முதன்முறையாகக் கேட்கக்கூடும். இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் வெளியிட்டுள்ள 10,000 சொற்களைக் கொண்ட அகராதி வீடியோவாகவே கிடைக்கிறது. தூக்கம், பயம், வலி, கோபம் ஆகிய சைகைகளை வீட்டிலுள்ளவர்கள் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

நாணல்கரை: அனைவருக்கும் நன்றி. பொருநை அவர்கள் சொன்னபடி வீடியோ அழைப்பில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, அண்ணி இல்லாமல் பேசினோம். சாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கிறது, வழியும் யோசித்திருக்கிறார். மருத்துவரிடம் உடனே தெரிவித்துவிட்டோம். அவருடைய சம்மதத்தோடு வீட்டிலும் அறிவித்து, மாத்திரைகளை அண்ணியின் பொறுப்பில் வைத்திருக்கிறோம். வாராவாரம் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். வேறு எதையேனும் கவனிக்க வேண்டுமா?

கைமொழி: ஒன்று உண்டு, மேடம். புறநோயாளிகள் பிரிவில் பெயர் சொல்லி அழைத்தால் அவருக்குக் கேட்காது; வரிசை தவறிவிட்டது என்று எண்ணி எழுந்து போய்விடுவார். சீட்டு எழுதும் இடத்தில் சொல்லிவைத்து, முறை வரும்போது ஒருவர் நேரில் சென்று கையசைத்து அழைக்கச் செய்யுங்கள். சந்திப்பு நாளையும் நேரத்தையும் அவருடைய கைபேசிக்கே குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அண்ணியின் எண்ணுக்கு வேண்டாம்.