மொழி தெரியாத ஜப்பானில் நான்காவது நாள்: இது பழகுமா?

பிச்சிப்பூ:

வணக்கம். கனசாவாவில் ஒரு சின்ன விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். தனியாக 18 நாள் ஜப்பான் பயணம், இன்று நான்காவது நாள். டோக்கியோவில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. பலகைகளில் ஆங்கிலமும் இருந்தது, மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள் (ஷிபுயா ஜி 01, அசாகுசா ஜி 19 என்று), அதை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டேன். இங்கே வந்த பிறகுதான் சுவர்மேல் மோதிய மாதிரி இருக்கிறது.

இன்று மாலை ஹிகாஷி சாயா பக்கம் ஒரு சந்தில் எட்டுப் பேர் உட்காரும் அளவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் துணித்திரை, உள்ளே மஞ்சள் விளக்கு, பார்த்ததுமே பிடித்துவிட்டது. மெனு சுவரில் தொங்கும் தாள்களில் கையால், மேலிருந்து கீழாக எழுதியிருந்தது. மொழிபெயர்க்க மொபைல் கேமராவைக் காட்டினேன், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள் வந்தன. அதற்குள் கல்லாவுக்குப் பின்னாலிருந்த அம்மா என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டினார். சிரித்தபடிதான் காட்டினார், ஆனாலும் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து பக்கத்து 24 மணி நேரக் கடையில் சோற்று உருண்டை வாங்கினேன். அங்கேயும் கல்லாவில் நின்ற பையன் வரிசையாக நான்கு கேள்வி கேட்டான், எல்லாவற்றுக்கும் 'ஹை' (ஆம்) என்றேன், தேவையில்லாத பையும் சாப்பிடும் குச்சிகளும் வந்து சேர்ந்தன.

நான் சைவம், மீனும் கிடையாது. இன்னும் 14 நாள் இருக்கிறது. தகாயாமா போய்விட்டு, பிறகு ஷிகோகு தீவில் இயா பள்ளத்தாக்குக்கும் போவதாகத் திட்டம். அங்கே இதைவிடக் கடினமாக இருக்கும் என்கிறார்கள். பேசாமல் டோக்கியோவுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். நாள் முழுக்க யாரோடும் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் இருப்பது இவ்வளவு களைப்பாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. இது பழகுமா?

கடைசிப்பெட்டி:

பழகும். திரும்பிப் போகாதீர்கள்.

முதலில் அந்தக் கை விஷயம். இரண்டு கைகளைக் குறுக்கே வைப்பதை அங்கே 'பட்சு' என்பார்கள். இல்லை, முடியாது, தீர்ந்துவிட்டது என்பதைத் தாண்டி அதில் வேறு பொருள் கிடையாது. இடம் இல்லை என்றாலும் அதுதான், சமையல் முடிந்தது என்றாலும் அதுதான், அந்த வழியாகப் போக முடியாது என்றாலும் அதுதான். முகத்துக்கு நேரே கையை விசிறி மாதிரி ஆட்டுவதும் 'இல்லை' தான், 'போ' இல்லை. எட்டு இருக்கை உள்ள கடை என்றால் அநேகமாக எல்லா இடமும் முன்பதிவாகி இருந்திருக்கும். அந்த அம்மாவுக்கு அதை உங்களிடம் சொல்ல வேறு வழியில்லை. அவருக்கும் மொழி தெரியாது, இல்லையா?

நான் ஒசாகாவில் 6 வருஷம் இருந்தேன். முதல் சில மாதங்கள் உங்களை மாதிரியேதான், அறைக்கு வந்தால் தலை வலிக்கும். அப்புறம் ஒரு நாள் பிடிபட்டது: இந்த ஊரில் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள் மிகக் குறைவு, ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். மொழியைப் படிக்க 14 நாள் போதாது, ஆனால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். அந்தப் பையன் கேட்டது இதுவாகத்தான் இருக்கும்: பாயிண்ட் கார்டு இருக்கிறதா, சாப்பாட்டைச் சூடாக்கவா (அததமேமாஸு கா), குச்சி வேண்டுமா (ஓஹாஷி), பை வேண்டுமா (ஃபுகுரோ). 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு, அதனால் பையை மட்டும் மறக்காமல் கேட்பார்கள். வேண்டாம் என்றால் 'தைஜோபு தெஸு' என்று சொல்லுங்கள். 'பரவாயில்லை' என்பதுதான் நேர்ப்பொருள், ஆனால் அந்த இடத்தில் அது 'வேண்டாம்' ஆகிவிடும். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நான் பல வாரம் ஓட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கடையில் முதல் கேள்வி எத்தனை பேர் என்பது, ஒரு விரலைக் காட்டினால் போதும். பில்லுக்குப் பெரும்பாலும் நீங்களே வாசல் பக்கம் உள்ள கல்லாவுக்குப் போக வேண்டும், பணத்தை அங்கே இருக்கும் சின்னத் தட்டில் வைக்க வேண்டும். இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரிசை. நாளைக்கு ஒரு கடையில் ஓரமாக நின்று, முன்னால் இருப்பவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் மாதிரி இருந்தது துண்டு துண்டாகப் பிரிந்து கேட்க ஆரம்பிக்கும்.

பனைநிழல்:

கடைசிப்பெட்டி சொல்வது சரி. ஆனால் மொழியே வேண்டாம் என்று விட்டுவிடாதேயுங்கோ தங்கச்சி. தமிழ் தெரிந்தவருக்கு ஜப்பானிய மொழியின் அமைப்பு பாதி தெரிந்த மாதிரி, இதை ஒருவரும் சொல்வதில்லை. வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு மாற்றப் பார்த்தால்தான் சிக்கல்.

'கோனோ பஸு வா தகாயாமா நி இகிமாஸு கா?' இதைச் சொல்லுக்குச் சொல் பாருங்கோ: இந்த, பஸ், (வா), தகாயாமா, க்கு, போகிறது, ஆ. இந்த பஸ் தகாயாமாவுக்குப் போகிறதா? எங்கள் வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றி வைத்த மாதிரி. 'வா' எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் ஒட்டு, 'நி' எங்கள் 'கு', கடைசியில் வரும் 'கா' எங்கள் 'ஆ'. 'மோ' என்பது 'உம்'. நீங்கள் சைவம் என்பதால் இந்த வரி உங்களுக்குத் தேவைப்படும்: 'நிகு மோ சகானா மோ தபேமாசென்', இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானியத்தில் கோரே, சொரே, அரே என்று மூன்று சுட்டு, கேள்விக்கு தோரே. இது, உது, அது, எது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இப்பவும் 'உது' சொல்கிறோம், கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட. 'சொரே'யும் அதேதான். என்னோடு வேலை செய்த ஜப்பானியரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். நீங்கள் 'சொரே' என்று சரியான இடத்தில் சொன்னால் எதிரில் நிற்பவர் முகமே மாறும்.

நீலத்திணை:

இலக்கணம் எல்லாம் நல்லதுதான், ஆனால் களைத்துப்போய் நிற்பவருக்கு மொபைல்தான் கைகொடுக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழிக் கோப்பை முன்னமே இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கேமரா அச்செழுத்துக்கு நன்றாக இருக்கும், கையெழுத்துக்குச் சரியாக வராது, அதனால் இன்று நடந்தது உங்கள் தவறு இல்லை. தட்டச்சு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம், 'சாப்பிட மாட்டேன்' என்று. இயந்திரம் யார், எதை என்று தானே ஊகித்துக்கொள்ளும். 'நான் மீன் சாப்பிட மாட்டேன்' என்று முழுசாக, குட்டி வாக்கியமாக எழுதுங்கள். வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், மீன் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. 'தாஷி' என்ற சாறு எல்லாவற்றிலும் இருக்கும், மிசோ சூப்பில், நூடுல்ஸ் குழம்பில், வேகவைத்த கீரையில்கூட. காய்ந்த மீன் சீவலிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். அவர்கள் அதை மீன் என்றே நினைக்காமல் கொடுத்துவிடுவார்கள். கடற்பாசியில் எடுக்கும் 'கொம்பு தாஷி' உங்களுக்கு ஆகும். இதை ஒரு சீட்டில் ஜப்பானிய மொழியில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விடுதியில் கேட்டால் எழுதித் தருவார்கள். அப்படியே அந்த எட்டு இருக்கைக் கடைக்கும் அவர்களையே போன் செய்யச் சொல்லுங்கள். இடம் இருக்கிறதா, இப்படிச் சமைத்துத் தருவார்களா என்று அவர்கள் கேட்டுச் சொல்வார்கள்.

மலைப்பாதை:

இயாவை விட்டுவிடாதீர்கள், கொடிப்பாலம் பார்க்காமல் வந்தால் பிறகு வருத்தப்படுவீர்கள். ஆனால் கிராமத்து பஸ்ஸின் முறை வேறு, இதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள். பின்கதவு வழியாக ஏற வேண்டும். ஏறும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து எண் அச்சிட்ட துண்டுச்சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு மேலே ஒரு பலகையில் எண்களும், ஒவ்வோர் எண்ணுக்குக் கீழே கட்டணமும் இருக்கும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது உங்கள் எண்ணுக்குக் கீழே என்ன காட்டுகிறதோ அதைச் சில்லறையாகச் சீட்டோடு பெட்டியில் போட வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் எங்கே ஏறினீர்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியாது, புறப்பட்ட இடத்திலிருந்தே கணக்குப் போடுவார்கள். சில்லறை மாற்றும் இயந்திரம் பெட்டியிலேயே இருக்கும், ஆனால் பொதுவாக 1,000 யென் நோட்டுக்கு மேல் எடுக்காது. 'ட்சுகி வா' என்று அறிவிப்பில் கேட்டால், அடுத்து வருவது நிறுத்தத்தின் பெயர்.

சிறு ரயில்களிலும் கவனம். ஓட்டுநர் மட்டுமே இருக்கும் ரயிலில், ஆள் இல்லாத நிலையங்களில் பெரும்பாலும் முதல் பெட்டிக் கதவுதான் திறக்கும். நான் இரண்டாவது பெட்டியில் கதவுக்கு முன்னால் மூட்டையோடு நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன், ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பும் ரயிலுக்கு 2 மணி நேரம் காத்திருந்தேன், சுற்றிலும் நெல்வயல், ஒரு மனிதர் இல்லை. பயந்தது உண்மை.

இன்னொரு முக்கியமான விஷயம். இணையத்துக்கு மட்டும் உள்ள சிம் வைத்திருந்தால் அதிலிருந்து 110 (போலீஸ்), 119 (ஆம்புலன்ஸ்) இரண்டுக்கும் பேச முடியாது. ஊருக்குள் என்றால் 'கோபன்' என்ற சின்னக் காவல் சாவடிக்குள் நேரே போய்விடுங்கள், வழி கேட்பதற்கும் அங்கேதான் எல்லோரும் போவார்கள். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, வீட்டு முகவரி மனைத்தொகுதி எண்ணில்தான் இருக்கும். அதனால் விடுதியின் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

பிச்சிப்பூ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் படித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். காலையில் விடுதி மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவரே சீட்டு எழுதிக் கொடுத்து, அந்தக் கடைக்கும் போன் செய்தார். கடைசிப்பெட்டி சொன்னது சரிதான், நேற்று எல்லா இடமும் முன்பதிவாகி இருந்ததாம். இன்று 6 மணிக்கு ஒரே ஓர் இடம் இருக்கிறது, கொம்பு தாஷியில் செய்து தருகிறேன் என்றாராம் அந்த அம்மா.

போனேன். ஒரு விரலைக் காட்டுவதற்கு முன்பே அவர் கல்லா ஓரத்து இருக்கையைக் காட்டினார். டோஃபு, முள்ளங்கி, ஒரு கிண்ணம் சோறு, ஊறுகாய் இரண்டு. பேச்சு அதிகம் இல்லை, ஆனால் நேற்று மாதிரி கனமாக இல்லை. அவர் கத்தியால் மஞ்சள் நிறப் பழம் ஒன்றின் தோலை நூல் நூலாகச் சீவிக்கொண்டிருந்தார், வாசனை என் பக்கம்வரை வந்தது. பழம் அவர் கையருகே இருந்தது, அதனால் யோசித்து, 'சொரே வா நன் தெஸு கா' என்றேன். உது என்ன?

நிமிர்ந்து பார்த்தார். 'யூசு' என்றார். அப்புறம் ஒரு சீவலை என் உள்ளங்கையில் வைத்து, கசக்கி முகரும்படி விரலால் காட்டினார். கையைக் கழுவ மனமில்லாமல் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

நாளை காலை தகாயாமாவுக்கு பஸ். இயாவுக்கும் போகிறேன். அண்ணா பனைநிழல், எண்களை எப்படிச் சொல்வது என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள், சில்லறை எண்ணும்போது கேட்டால் புரிய வேண்டும்.