மெஷ் நோடு கண்காணிப்பு: மையத்திலிருந்து பிங் போதுமா, ஒவ்வொரு நோடும் தன் நிலையைச் சொல்ல வேண்டுமா?

மாடிமுனை:
எங்கள் ஊரில் ஒரு மெஷ், அதாவது ஒன்றுக்கொன்று வைஃபையால் தரவைக் கைமாற்றும் ரூட்டர்களின் வலை, இருக்கிறது. வீட்டு மாடிகளிலும் பள்ளிக்கூடக் கூரையிலுமாக 22 நோடு (ரூட்டர்) ஓடுகின்றன. எல்லாமே ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்த மென்பொருள்), அதன் மேல் பேட்மேன் (நோடுகளுக்கு இடையே வழி தேடும் நெறிமுறை). வெளி இணைப்பு இரண்டு இடங்களில் இறங்குகிறது. பெரும்பாலானவை 128 எம்பி ரேம் உள்ள பெட்டிகள். ஆறு மட்டும் பழைய டிபி-லிங்க் 841 ரூட்டர்கள்: ஃபிளாஷ் 4 எம்பி, ரேம் 32 எம்பி. இப்போது யாராவது போன் போட்டு "நெட் வரலை" என்று சொன்னால்தான் எங்களுக்கே தெரிகிறது. மையத்தில் ஒரு கணினியை வைத்து எல்லாவற்றையும் பிங் செய்தால் (சின்னப் பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்தால்) போதும் என்கிறது குழுவில் ஒரு தரப்பு. ஒவ்வொரு நோடிலும் ஏஜென்ட் (தன் நிலையைத் தானே சொல்லும் நிரல்) போட வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. எதைச் செய்யலாம்?

கம்பிக்காரன்:
பிங் மட்டும் வையுங்கள். 32 எம்பி ரேமில் பேட்மேனும் வைஃபையும் போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று அந்த 841-இல் நீங்களே பாருங்கள். அங்கே ஒரு ஏஜென்ட்டைப் போட்டால், ஒருநாள் ரேம் தீர்ந்து நோடே விழும். கண்காணிப்பால் விழுந்த நோடைக் கண்காணிக்க இன்னொன்று வைப்பீர்களா?

இன்னொன்று, காற்று நேரம். ஒரே சேனலில் ஓடும் மெஷ்ஷில் நாலு தாவல் (நோடு விட்டு நோடு) தள்ளியிருக்கும் நோடு அனுப்பும் பாக்கெட் நாலு முறை காற்றில் ஏறுகிறது. ஒருவர் பேசும்போது அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கணும். அந்த நேரம் ஊர்க்காரர்களுடையது, நம் வரைபடங்களுக்கானது அல்ல.

நள்ளிரவு_ரூட்டர்:
காற்று நேரத்தைப் பற்றிச் சொன்னது சரி. பிங் போதும் என்பதை ஏற்கவே மாட்டேன். பிங் சொல்வது "ஆள் இருக்கிறார்" என்பதை மட்டும்தான். மெஷ்ஷில் பிரச்சினை பெரும்பாலும் நோடில் இருக்காது, இரண்டு நோடுகளுக்கு நடுவில் இருக்கும். 14-ஆம் நோடு மெதுவாக இருக்கிறது என்று பிங் காட்டும். ஆனால் எந்த இணைப்பு வழியாகப் போனதால் மெதுவானது? பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டாலும் தெரியாது. பேட்மேன் ஐபிக்குக் கீழே உள்ள இரண்டாம் அடுக்கில் ஓடுவதால் நாலு தாவலும் ஐபிக்கு ஒரே தாவலாகத்தான் தெரியும். அதற்கு பேட்மேனுக்கே உரிய டிரேஸ்ரூட் வேண்டும்.

சின்ன பிங் பாக்கெட் மோசமான இணைப்பிலும் மறுமுயற்சிகளோடு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். அதே இணைப்பில் ஒரு வீடியோ அழைப்பு நிற்காது. மையத்துத் திரை முழுக்கப் பச்சையாக இருக்கும், மக்கள் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு நோடும் தன் அண்டை நோடுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேட்மேன் தரும் டிக்யூ (இணைப்புத் தரம்) மதிப்பு, 255-க்கு எத்தனை என்பது, அதை மட்டுமாவது எடுங்கள்.

கம்பிக்காரன்:
டிக்யூவை இவ்வளவு நம்பலாமா? பேட்மேனின் நாலாம் வகை அல்காரிதம் தன் அறிவிப்புப் பாக்கெட்டுகள் எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணித்தான் டிக்யூ கணக்கிடுகிறது. அவை பிராட்காஸ்ட், எல்லோருக்கும் பொதுவாகப் போகிறவை. சின்னவை, குறைந்த வேகத்தில் போகிறவை. நீங்கள் பிங்கில் கண்ட அதே குறை இதிலும் இருக்கிறது. 240 காட்டும் இணைப்பில் உண்மையான தரவு தள்ளாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நள்ளிரவு_ரூட்டர்:
ஒப்புக்கொள்கிறேன், டிக்யூ தனியாகப் போதாது. ஐந்தாம் வகை இதற்காகத்தான் வைஃபை டிரைவரிடமே வேகத்தைக் கேட்டு வாங்குகிறது. நாலாம் வகையிலேயே இருப்பவர்களுக்கு வழி: வயர்லெஸ் கருவியான ஐடபிள்யூவில் ஸ்டேஷன் டம்ப் போட்டால் ஒவ்வொரு அண்டைக்கும் சிக்னல், அனுப்பும் வேகம், மறுமுயற்சி எண்ணிக்கை, தோல்வி எண்ணிக்கை எல்லாம் வரும். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்துப் பாருங்கள். அனுப்பியது 10,000, மறுமுயற்சி 6,000 என்று வந்தால் அந்த இணைப்பு நோயாளிதான், டிக்யூ என்ன சொன்னாலும் சரி.

அப்புறம் அதே கருவியின் சர்வே டம்ப். சேனல் மொத்தம் எத்தனை மில்லி விநாடி கவனிக்கப்பட்டது, அதில் எத்தனை மில்லி விநாடி பிஸியாக இருந்தது என்று இரண்டு எண் தரும். நீங்கள் கவலைப்படும் காற்று நேரம் அதுவேதான். மையத்தில் உட்கார்ந்து பிங் செய்து இந்த எண்ணை உங்களால் எடுக்கவே முடியாது.

தேன்கூடு:
ஜெர்மனியின் ஃப்ரைஃபங்க் சமூகங்கள் (ஊர்க்காரர்களே நடத்தும் மெஷ் குழுக்கள்) இந்தச் சண்டையை எப்போதோ போட்டு முடித்துவிட்டன. அவர்களின் குளுவான் ஃபர்ம்வேரில் ரெஸ்பாண்ட்-டி என்று ஒரு சின்ன சேவை இருக்கிறது. யுடிபி 1001 போர்ட்டில் சும்மா காத்திருக்கும். யாராவது கேட்டால் மட்டும் நோடு விவரம், புள்ளிவிவரம், அண்டைகள் ஆகியவற்றைச் சுருக்கிய ஜேசானாக (நிரல்கள் படிக்கும் எளிய உரை வடிவம்) திருப்பித் தரும். மையத்தில் யானிக் என்ற நிரல் ஒரு மல்டிகாஸ்ட் கேள்வி (எல்லா நோடுக்கும் ஒரே சமயத்தில் போவது) போட்டு எல்லோருடைய பதிலையும் வாங்கி வரைபடத்துக்கும் தரவுத்தளத்துக்கும் அனுப்பும். இணைப்பை நிறுவும் டிசிபி கைகுலுக்கல் கிடையாது, நோடில் சேமிப்பும் கிடையாது.

மல்டிகாஸ்ட் இலவசம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைஃபையில் அது குறைந்த வேகத்தில் போகும். பேட்மேனும் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டையும் வயர்லெஸ்ஸில் மூன்று முறை அனுப்பும். கேள்வி சின்னது, பதில்கள் யுனிகாஸ்ட்டாக (கேட்டவருக்கு மட்டும்) வருகின்றன என்பதால்தான் கட்டுப்படியாகிறது. பழைய 1 எம்பிபிஎஸ் வேகங்களை அணைத்து மல்டிகாஸ்ட் வேகத்தை ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது.

மாடிமுனை:
கலெக்ட்-டி என்ற புள்ளிவிவரச் சேகரிப்பு நிரலைப் போட்டு, ஒவ்வொரு நோடிலும் அளவீடுகளின் வரலாற்றை ஆர்ஆர்டி கோப்பாகச் சேமிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது எப்படி?

கம்பிக்காரன்:
வேண்டாம். ஓபன்டபிள்யூஆர்டியில் அந்தக் கோப்புகள் இயல்பாகப் போவது டெம்ப் கோப்பகத்துக்கு, அதாவது ரேமுக்கு. கரண்ட் போனால் வரலாறு மொத்தமும் போச்சு. போகக்கூடாது என்று ஃபிளாஷில் எழுதினால் ஃபிளாஷ் தேயும். போதாக்குறைக்கு இந்தப் பெட்டிகளில் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் என்டிபி (நெட்டிலிருந்து வரும் சரியான நேரம்) கிடைக்கும் வரை தப்பான நேரத்தில்தான் ஓடும். வெளி இணைப்பும் அப்போதுதான் எழுந்துகொண்டிருக்கும். முதல் சில நிமிடப் பதிவுகளின் நேரத்தை நம்பவே முடியாது.

நள்ளிரவு_ரூட்டர்:
இதில் முழுக்க உங்கள் பக்கம். நேரமுத்திரை மையத்திலேயே குத்தப்பட வேண்டும். ஆனால் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்ற அப்டைம் எண்ணை நோடிடம் கட்டாயம் கேளுங்கள். காணாமல் போன நோடு திரும்பி வரும்போது அப்டைம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் மின்சாரமோ ரீபூட்டோ. தொடர்ந்து ஓடியிருந்தால் நடுவில் ரேடியோ இணைப்புதான் அறுந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறுவதா, வீட்டுக்காரரிடம் சுவிட்ச்சைப் பற்றிக் கேட்பதா என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடும். பிங் சொல்லாது.

கம்பிக்காரன்:
சரி, அது நல்ல காரணம். அப்டைமுக்காக ஒரு சின்ன சேவை இருக்கட்டும். எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் பொது நெறிமுறை) மட்டும் வேண்டாம், முழு நெட்-எஸ்என்எம்பி 841-க்கு பாரம். இரண்டாம் பதிப்பில் கடவுச்சொல்லும் மறைக்காமல் காற்றில் போகும். பேட்மேன் விவரங்கள் வேண்டுமென்றால் தனியாக ஸ்கிரிப்ட் எழுதி ஒட்டணும்.

ஆனால் எச்சரிக்கை விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். நேகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் பேரன்ட் என்று ஒரு அமைப்பு உண்டு. மேலே உள்ள ரூட்டர் விழுந்தால் கீழே உள்ளவை "விழுந்தன" என்று வராமல் "எட்டவில்லை" என்று வரும். கம்பி நெட்வொர்க்கில் அருமையான ஏற்பாடு. மெஷ்ஷில் நோடுக்கு நிலையான அப்பன் கிடையாது, காலையில் ஒரு வழி, மழை வந்தால் வேறு வழி. ஒரு நடு நோடு தடுமாறினால், அதன் பின்னால் ஒன்பது நோடு இருந்தால் ஒன்பதுக்கும் ஒன்பது குறுஞ்செய்தி வரும். மூன்றாம் நாள் எல்லோரும் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவார்கள்.

நள்ளிரவு_ரூட்டர்:
அதற்காக எச்சரிக்கையையே விட்டுவிட முடியுமா? பள்ளிக்கூட நோடு ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் பிள்ளைகள் வந்து சொல்ல வேண்டுமா?

தேன்கூடு:
வெளி இணைப்பு இறங்கும் இரண்டு நோடுக்கும் உடனடி எச்சரிக்கை. மற்றவை பத்து நிமிடம் தொடர்ந்து பதில் தரவில்லை என்றால், அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே செய்தி. இணைப்புத் தரம் இறங்குவதற்கு எச்சரிக்கையே வேண்டாம், வாரத்துக்கு ஒரு பட்டியல் போதும். வளர்ந்து மறைக்கிற மரக்கிளை ஒரே ராத்திரியில் வருவதில்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். யார் எந்த நோடில் இணைந்தார்கள் என்ற மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) சேகரிக்க வேண்டாம். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும். ஊருக்குள் யார் எப்போது எந்த வீட்டில் இருந்தார் என்ற பதிவு உங்கள் கணினியில் இருக்கவே கூடாது.

மாடிமுனை:
எல்லோருக்கும் நன்றி. 841-களில் அப்டைமும் அண்டைப் பட்டியலும் மட்டும் தரும் சின்ன சேவை. பெரிய பெட்டிகளில் கூடவே மறுமுயற்சி எண்ணிக்கையும் சேனல் பிஸி நேரமும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிறோம். மேக் முகவரி சேகரிப்பதில்லை என்று குழுவில் தீர்மானமே போட்டுவிடுகிறோம்.

கம்பிக்காரன்:
முதலில் சேனல் பிஸி நேரத்தை மட்டும் ஒரு வாரம் எடுங்கள். பிறகு கண்காணிப்பைப் போட்டு அடுத்த வாரமும் எடுங்கள். இரண்டுக்கும் கண்ணில் படுகிற வித்தியாசம் இருந்தால் இடைவெளியைப் பதினைந்து நிமிடமாக்குங்கள். அந்த இரண்டு வரைபடத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.