ஒரே ரேடியோ, முழு நாளும்: பாட்டு, நாடகம், மேட்ச்னு கேட்டதுல இன்னும் மண்டைய விட்டு போகாத ஒரு நிமிஷம் சொல்லுங்க

மர்பி_பொட்டி:
ஆகாசவாணி நாள் எப்படி ஓடும்னு இங்க யாருக்கும் விளக்க வேணாம், காலைல ட்யூன், வந்தே மாதரம், மங்கள இசை, அப்படியே ராத்திரி நாடகம் வரைக்கும். என் பிரச்சனை அந்த நாடகத்தோட கடைசி வரி. மகன் பல வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்றான், அம்மாவுக்கு கண்ணு தெரியாது. கதவு கிறீச்சுங்குது, காலடி சத்தம், "யாருப்பா அது"ங்கறா. அவன் மூச்சு வாங்கறது கூட கேக்குது. வாயத் திறக்கறான் பாருங்க, சரியா அந்த நேரம் மேல வேற ஸ்டேஷன் ஏறுது, என்ன பாஷையோ, எவனோ ஃபுட்பால் கமெண்டரி சொல்றான், "கோஓஓஓல்"னு தொண்டை கிழிய கத்தறான், பின்னாடி ஸ்டேடியமே ஆடுது. அது அடங்கி நம்ம ஸ்டேஷன் திரும்ப வர்றப்ப அறிவிப்பாளர் "இத்துடன் நாடகம் நிறைவடைகிறது"ங்கறார். எங்க அக்கா அவன் "நான்தாம்மா"ன்னு சொன்னான்னு சாதிக்கறா, நான் "வழி தப்பி வந்துட்டேன்"னு சொன்னான்ங்கறேன். பேரப்பசங்க வந்தாச்சு, சண்டை தீரல. நாடகம் பேரு ஞாபகம் இல்ல. யாராச்சும் கேட்டிருக்கீங்களா?

அச்சாபீஸ்_மணி:
நாடகம் தெரியாது சார். எனக்கு சேப்பாக்கம் டை டெஸ்ட், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ரன் சமமா முடிச்ச மேட்ச், 1986 செப்டம்பர் 22. அப்ப பிரஸ்ல வேலை, மிஷின் ஓடினா ரேடியோ கேக்காது, ரேடியோ கேக்கணும்னா மிஷின நிறுத்தணும், முதலாளி அன்னிக்கு மட்டும் நிறுத்துங்கடான்னாரு. இந்தியா 348 அடிக்கணும், கடைசி ஓவர், 4 ரன் வேணும், கிரெக் மாத்யூஸ் போடறான், சாஸ்திரி ரெண்டு எடுத்தாரு அப்புறம் ஒண்ணு எடுத்தாரு, ஸ்கோர் சமம், ஒரே ஒரு ரன், மணிந்தர் ஒரு பந்த தடுத்தாரு, அடுத்த பந்து கால்ல பட்டு அவுட்டுன்னு கை தூக்கிட்டாரு அம்பயர் விக்ரம் ராஜு, 347ல ஆல் அவுட். அப்புறம் வெறும் கூட்டத்து சத்தம்தான், கமெண்டரி சொல்றவரு பேசவே இல்ல. எழுத்து கோக்கற தாத்தா ஒருத்தர் இருந்தாரு, மெதுவா எந்திரிச்சு "யாரு ஜெயிச்சா"ன்னாரு. ஒருத்தன் வாயத் திறக்கல. ஏன்னா அதுக்கு முன்னாடி டெஸ்ட்ல டை ஆனதே 1960ல பிரிஸ்பேன்ல ஒரு தடவதான், எங்களுக்கு என்ன தெரியும். கொஞ்ச நேரத்துல பைண்டர் பையன் "அது மட்டைல பட்டுச்சுண்ணே, அவுட்டே இல்ல"ன்னு தலைல அடிச்சு சத்தியம் பண்றான். டேய் நீ கேட்டது ரேடியோடா!

நெல்லை_1197:
மணி அண்ணாச்சி, அன்னைக்கு டிவியிலயே காட்டுனாவளே, பக்கத்து வீட்டுல போய் பாத்திருக்கலாம்லா. ரேடியோ கமெண்டரின்னா தமிழ்ல கேட்டாத்தான் ருசி, அப்துல் ஜப்பார் சொன்னா மேட்ச் மந்தமா போனாலும் நமக்கு மந்தமா தெரியாது. இங்கிலீஷ்ல கேட்டுட்டு கூட்டம் கத்துச்சு, நாங்க முழிச்சோம்னா என்ன அனுபவம்? எனக்கு ஞாபகம் நிக்கது வயக்காட்டுல வரப்பு மேல டிரான்சிஸ்டர வச்சுட்டு எங்க சித்தப்பா தமிழ் கமெண்டரி கேட்டது. ஒரு கேட்ச் விட்டுட்டான்னு மம்பட்டிய தூக்கி வீசுனாவ பாருங்க, அது வாய்க்கால்ல விழுந்துட்டு. தேடப் போவல, ஓவர் முடியட்டும்னுட்டாவ.

அச்சாபீஸ்_மணி:
டிவி பாக்க போனா யாரு பிரஸ்ஸ பாத்துக்கறது அண்ணாச்சி. அதோட எங்களுக்கு அன்னிக்கு இங்கிலீஷும் ஹிந்தியும் மாறி மாறி வந்துச்சு, ஹிந்தி வர்றப்ப நம்பர் மட்டும் புடிச்சுக்குவோம்.

கௌளை_ரசிகை:
கிரிக்கெட்ட விட்டு கொஞ்சம் வெளிய வாங்களேன். திருவையாறு தியாகராஜர் ஆராதனை நேரடி ஒலிபரப்பு, புஷ்ய பகுள பஞ்சமி காலைல. எங்க வீட்டுல அன்னிக்கு பஞ்சரத்னம், அதான் அவரோட அஞ்சு கீர்த்தனை, முடியற வரைக்கும் யாரும் சத்தமா பாத்திரம் கூட வைக்கக் கூடாது. பெரிய பாட்டிக்கு அப்ப காது சுத்தமா போயாச்சு, பக்கத்துல போய் கத்தினாலும் கேக்காது. வால்வு ரேடியோ, மரப்பொட்டி, ஆன் பண்ணினா சூடாகி பாட ஆரம்பிக்கவே நேரமாகும். பாட்டி நாற்காலிய இழுத்து போட்டுண்டு இடது உள்ளங்கைய பொட்டி மேல அப்படியே பதிச்சு வச்சுப்பா. வலது கை தொடைல தாளம் போடும். அஞ்சு கீர்த்தனையும் ஆதி தாளம்தான், அதனால தாளம் புடிக்கறது பெரிசில்லன்னு எங்க அப்பா சொல்வார். சரி. ஆனா நாட்டை ராகம் முடிஞ்சு கௌளை தொடங்கறப்ப பாட்டி நிமிர்ந்து உக்காருவா, ஆரபி வந்தா முகம் சிரிக்கும், வராளி வந்தா கண்ண மூடிப்பா, ஸ்ரீ ராகம் முடிஞ்சதும் கையெடுத்து கும்பிடுவா. ஒரு வருஷம் நான் வேணும்னே பின்னாடி நின்னு பாத்தேன், யாரும் ஜாடை காட்டல. ராகம் மாறறது ஒரு மரப்பலகைல எப்படி தெரியும்? அத்தன பேர் சேந்து பாடற அதிர்வு வேற வேறயா இருக்குமா? கேட்டா "தெரியறதுடி"ன்னு ஒரே வார்த்தை.

ஃபெரைட்_ராடு:
நல்ல கேள்வி மேடம். நம்ம கதை சின்னதுதான், ராத்திரி திருச்சி 936ல கச்சேரி கேக்கறப்ப நடுவுல ஏதோ ஹிந்தி ஸ்டேஷன் வந்து மிருதங்கத்தோட தனி ஆவர்த்தனத்த கெடுத்துச்சு, கோவத்துல ரேடியோவ தள்ளி வச்சேன், திரும்பின திசைல மிருதங்கம் மட்டும் சுத்தமா கேட்டுச்சு. அவ்ளோதான்.

மர்பி சாருக்கு சொல்றேன், உங்களுக்கு நடந்தது இதேதான். இந்த ஸ்டேஷன் எல்லாம் வர்ற மீடியம் வேவ் அலை பகல்ல தரையோட போகும், மேல போறத உசரத்துல இருக்கற காத்து மண்டலம், அயனோஸ்பியர், அதோட கீழ் அடுக்கு முழுங்கிடும். சூரியன் இறங்கினதும் அந்த அடுக்கு காணாம போகும், அப்ப பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஸ்டேஷன் எல்லாம் மேல போய் மோதி நம்ம தலைல இறங்கும், அதுவும் ஏறி இறங்கி ஏறி இறங்கி. டிரான்சிஸ்டர் உள்ள ஒரு கருப்பு கம்பி இருக்கும், சுருள் சுத்தினது, அதான் ஏரியல். அதோட முனை எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்க ஸ்டேஷன் அமுங்கிடும். பொட்டிய கால் சுத்து திருப்பியிருந்தா ஃபுட்பால் காணாம போய் நாடகம் நின்னிருக்கும். இனிமேலாவது: எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், ரெண்டையும் அணைச்சுட்டு கேளுங்க, பாதி இரைச்சல் அதுலதான். ஜன்னல் பக்கம் வைங்க, இரும்பு பீரோ மேல வைக்காதீங்க. ஆப்ல கேட்டா மேட்ச் பின்தங்கி வரும், பக்கத்து வீட்டுக்காரன் கத்தின அப்புறம்தான் உங்களுக்கு விக்கெட் விழும். அப்புறம் ஒண்ணு, நம்ம ஸ்டேஷன் நம்பர் 720, 936, 999, 1197, 1269 எல்லாம் 9ஆல வகுபடும், போட்டு பாருங்க, இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். டிஜிட்டல் செட் வாங்கறவங்க அந்த 9 ஸ்டெப் இருக்கான்னு பாத்து வாங்குங்க, 10 ஸ்டெப்புல நிக்கறத வாங்கிட்டு ஸ்டேஷன் எடுக்கலன்னு அழாதீங்க.

ஏழேகால்_செய்தி:
ராடு சார், அவர் கேட்டது நாடகத்தோட கடைசி வரி, ரிப்பேர் இல்ல. 😄

எனக்கு நிக்கறது எதுவுமே இல்லாத நாள். 1984 அக்டோபர் 31. காலைல 7.15 டெல்லி செய்தி எப்பவும் போல, அதுல கடிகாரம் சரி பண்ணிட்டு ஸ்கூலுக்கு போற வீடு எங்களோடது, செய்தி வாசிக்கற சரோஜ் நாராயணசாமி பேர சொன்னா தலை வாரி முடிச்சிருக்கணும். அன்னிக்கு ஸ்கூல பாதில விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து திருப்பினா பாட்டு இல்ல, நாடகம் இல்ல, விளம்பரம் இல்ல, சோகமா வாத்தியம் மட்டும் இழுத்துட்டே இருக்கு. பக்கத்து வீட்டு மாமா பிபிசி வச்சு இந்திரா காந்தி போயிட்டாங்கன்னு மத்தியானமே சொல்லிட்டார், எங்க அம்மா நம்பல, "நம்ம ரேடியோ சொல்லட்டும்"னாங்க. சாயங்காலம் சொன்னாங்க. அம்மா அடுப்ப அணைச்சுட்டு மாமா வீட்டு வாசல்ல போய் நின்னு "சொல்லிட்டாங்க"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய எதுக்கு அங்க போய் சொன்னாங்கன்னு இன்னும் யோசிப்பேன்.

அப்புறம் வேற இடத்துல யாரோ அந்த ஆகாசவாணி காலை ட்யூன் சிதார் ரவிசங்கர் போட்டதுன்னு எழுதியிருந்தாங்க, இல்ல. வால்டர் காஃப்மன், ஐரோப்பால இருந்து பம்பாய்க்கு அகதியா வந்த யூதர். இத சொல்லலன்னா எனக்கு தூக்கம் வராது.

கௌளை_ரசிகை:
மர்பி சார், உங்களுது தேசிய நாடகமா இருக்குமோ? அதே நாடகத்த ஒவ்வொரு மொழிலயும் மொழிபெயர்த்து எல்லா ஸ்டேஷனும் போடுவா. அப்படின்னா அதே ராத்திரி ஒரு மலையாளியோ தெலுங்குக்காரரோ கடைசி வரிய முழுசா கேட்டிருப்பார், அவாள புடிங்க.

மர்பி_பொட்டி:
ஐயோ மேடம், இது தோணவே இல்லயே! அக்கா வீட்டுக்கு கீழ ஒரு பாலக்காட்டு மாமி இருக்காங்க, ரேடியோ பைத்தியம். ஆனா அவங்க அக்காவோட ஃப்ரெண்டு, அக்கா சொன்ன மாதிரிதான் சொல்வாங்க, நம்ப முடியாது.

நெல்லை_1197:
அப்ப தெலுங்குக்காரர தேடுங்க அண்ணாச்சி. நடுநிலையா இருப்பாவ.