புதுப்பிப்பு: பழைய பிஎஸ்4 வீடியோ கேம் டிஸ்க்குகளை மாற்றியாச்சு

ஹட்டன் கடையில் என் மூன்று பிஎஸ்4 டிஸ்க்குக்கும் சேர்த்தே 3,000 ரூபாய்தான் தருகிறார்கள், கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்தார். "தம்பி, கால்பந்து வருசா வருசம் புதுசு வரும், பழசை யாரும் தேட மாட்டாங்க" என்று கால்பந்து டிஸ்க்கைத் திருப்பித் தந்துவிட்டார். மற்ற இரண்டுக்கும் காசாக 4,000. அங்கேயே வேறு டிஸ்க் எடுத்தால் 5,500. (இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.) ஒரு கார் ரேஸ் எடுத்தேன். நன்றாக ஓடுகிறது. ஆனால் உறைக்குள் இருந்த, கூடுதல் பகுதிகளை டவுன்லோட் செய்வதற்கான குறியீட்டை முந்தி வைத்திருந்தவர் பயன்படுத்திவிட்டார், அது ஒருமுறைக்குத்தான்.

பிஎஸ்5 (பிஎஸ்4க்கு அடுத்த மெஷின்) வாங்கச் சொன்னவர்களுக்கு: 2020இல் வந்த அதன் டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் போட வழியே இல்லை. அந்த எடிஷன் எனக்குச் சரிவராது.