வீட்டில் கார் சார்ஜ்: நேரக் கட்டணத்துக்கு மாறலாமா?

யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். கார் 2015 மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிஎச்இவி (பெட்ரோலிலும், பிளக்கில் சார்ஜ் பண்ணின மின்சாரத்திலும் ஓடும்), 12 கிலோவாட்மணி பேட்டரி. கார் வந்த நாளிலிருந்து மாத யூனிட் 180ஐத் தாண்டுது. அதுக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் ஆகக் கூடின விலையில்தான் விழுது.

சார்ஜருக்குத் தனி மீட்டர் போட்டோம்: முழுச் சார்ஜுக்கு ஏறக்குறைய 10 யூனிட். கசிவு இல்லை, வயரிங் சரி எண்டு எலக்ட்ரீசியன் சொல்லிட்டார். டைமர் வைத்து நடுச்சாமத்தில் ஏற்றினோம். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் எந்த நேரமும் ஒரே விலை, அதால பயனில்லை. பெட்ரோலிலேயே ஓடினோம், சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர அது இன்னும் செலவு.

மிச்சம் இருக்கிற வழி, நேரத்துக்கு ஏற்ப யூனிட் விலை மாறுற நேர அடிப்படைக் கட்டணம்தான். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரை விலை கூட, அம்மா புட்டு அவிக்கிறதும் தண்ணி மோட்டர் ஓடுறதும் அந்த நேரத்தில்தான்.

வீட்டில் கார் சார்ஜ் பண்ணிக்கொண்டு இந்தக் கட்டணத்துக்கு மாறினவர்களுக்கு மொத்தப் பில் உண்மையில் குறைந்ததா?