பிளாட்பாரத்த எடுத்துட்டா பசங்க சேஃபா?

மொட்டைமாடி:
நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தாரு, நெதர்லாந்துல குடியிருப்புத் தெருவுல பிளாட்பாரத்தையே எடுத்துட்டாங்களாம், பசங்க நடுத்தெருவுல விளையாடுறாங்களாம், சென்னையிலயும் அப்படி பண்ணணுமாம். படிச்சதுலேர்ந்து எரிச்சலா இருக்கு. எங்க தெருவுலயும் பிளாட்பாரம் கெடையாது சார். அப்ப நாங்க ஏற்கனவே நெதர்லாந்துலதான் இருக்கோமா?

வடபழனிவாசி:
அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். அங்க டெல்ஃப்ட்ங்கிற ஊர்ல 1960கள் கடைசில ஆரம்பிச்சது, 1976ல சட்டத்துலயே வந்துருச்சு. பிளாட்பாரத்த எடுத்துட்டு சும்மா விடல, தெருவ நேரா போகவிடாம வளைச்சு, குறுக்க மரம் பெஞ்சு வெச்சு, வண்டி நடக்குற வேகத்துலதான் போகணும்னு ஆக்கினாங்க, பார்க்கிங்கும் குறிச்ச எடத்துல மட்டும்தான். 1971ல ஒரே வருஷத்துல 400 குழந்தைங்களுக்கு மேல அந்த நாட்டு ரோட்டுல செத்துருக்காங்க, பெத்தவங்க தெருவுல எறங்கி சண்ட போட்டாங்க. இது எதுவும் தெரியாம ஜோக் அடிக்கிறது ஈஸி.

மொட்டைமாடி:
எல்லாம் சரி. பிளாட்பாரத்த எடுத்தாங்களா இல்லையா?

வடபழனிவாசி:
எடுத்தாங்க. மேல எழுதினத படிக்கலையா?

மொட்டைமாடி:
அவ்ளோதான் கேட்டேன்.

சைடுஸ்டாண்ட்:
இதுக்கு எதுக்கு நெதர்லாந்து? ரெண்டு ஸ்பீட் பிரேக்கர் போட்டா முடிஞ்சுது. எங்க தெருவுல நாங்களே காசு போட்டு சிமெண்ட்ல போட்டோம், ஒரு பய வேகமா போறதில்ல.

வடபழனிவாசி:
நீங்களே போட்டீங்களா, சூப்பர். ரோடு எப்படி போடணும்னு விதிமுறை எழுதுற ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) கணக்குப்படி ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் வேணும். உங்களுது அரை அடி உயரம் ஒரு முழம் அகலம்தான் இருக்கும், பெயிண்ட்கூட அடிச்சிருக்க மாட்டீங்க, ராத்திரி டூவீலர்ல வர்றவன் எகிறி விழுந்தா யார் பொறுப்பு? குப்பைத்தொட்டி த்ரெட்லயும் இதே மாதிரிதான் அரைகொறையா பேசிட்டு ஓடினீங்க.

சைடுஸ்டாண்ட்:
டேப் எடுத்துட்டு வந்து அளந்தீங்களா? அரை அடியாம்! குப்பைத்தொட்டி மேட்டர்ல யார் ஓடினதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

கோலமாவு:
அட நிறுத்துங்கப்பா. எங்க அபார்ட்மெண்ட்ல கீழ கார் நிறுத்துற எடத்துல ரூம் கட்டி வாடகைக்கு விட்டுட்டு, காருக்கு கவர் போட்டு என் வாசல்ல நிறுத்துறாங்க. எம்பொண்ணு சைக்கிள் ஓட்டணும்னா அந்தக் காருக்கும் தண்ணி லாரிக்கும் நடுவுல இருக்குற சந்துலதான். மொதல்ல காரை எடுங்க, மரமெல்லாம் அப்புறம் வெக்கலாம்.

மொட்டைமாடி:
அது வேற விஷயம்மா. ரோடு டாக்ஸ் கட்டியிருக்கேன், என் காரை எங்கதான் நிறுத்துறது?

கோலமாவு:
ஓ, நீங்களும் அந்த கோஷ்டிதானா!

வடபழனிவாசி:
டாக்ஸ் வண்டி ஓட்டுறதுக்கு, தெருவ பட்டா போட்டுக்கறதுக்கு இல்ல. அவங்க சொல்றததான் நேத்துலேர்ந்து நானும் கத்துறேன், நின்ன காருக்குப் பின்னாலேர்ந்து பந்து எடுக்க ஓடிவர்ற பையன் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டான், அதனாலதான் பார்க்கிங்க மொதல்ல ஒழுங்கு பண்ணணும், ஆனா இங்க யாரும் முழுசா படிக்கறதில்ல. 2019ல பாண்டி பஜார்ல நடைபாதைய அகலமாக்கினாங்களே, சென்னையிலயே முடியும்ல?

மொட்டைமாடி:
அங்க அகலமாக்கினாங்க, இங்க எடுக்கச் சொல்றீங்க. ஒரு முடிவுக்கு வாங்க ஜி.

வடபழனிவாசி:
கடைத்தெரு வேற, வீட்டுத்தெரு வேற!! வேகத்த கொறைக்காம பிளாட்பாரத்த மட்டும் எடுன்னு நான் எங்க சொன்னேன்? ஸ்க்ரீன்ஷாட் போடுங்க பாப்போம். எத்தன தடவதான் சொல்றது?

சைடுஸ்டாண்ட்:
இன்னொரு தடவ சொல்லுங்க. அப்படியே அந்த அரை அடிய எடிட் பண்ணிடுங்க, எங்களுது அவ்ளோ உயரம் இல்ல.