ரிவர்ஸ் ஸ்ட்ரிங் பயிற்சிக்குத் தமிழ் டெஸ்ட் சேர்ப்பது எப்படி?

தண்டையார்பேட்டை_தேவ்

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில சாயங்கால வகுப்புல காலேஜ் பசங்களுக்குப் பைத்தான் சொல்லித் தர்றோம். பயிற்சிக்கு எக்ஸர்சிஸம்ங்கிற கோடிங் பயிற்சித் தளம்தான். அதுல ஒரு சொல்லைத் திருப்பி எழுதுற 'ரிவர்ஸ் ஸ்ட்ரிங்' பயிற்சியில, பசங்க எழுதுற [::-1] (பைத்தான்ல சொல்லைப் பின்னாலிருந்து படிக்கிற சுருக்கம்) கோடுக்கு 'தமிழ்'னு கொடுத்தா எழுத்தெல்லாம் சிதறிப் போகுது. அதனால ஒரு தமிழ் டெஸ்ட் (கோடு சரியான்னு பார்க்கிற சோதனை) சேர்த்து புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கச் சொல்ற கோரிக்கை) அனுப்பலாம்னு இருக்கோம். பைத்தான் ட்ராக்கோட (அந்தத் தளத்துல பைத்தானுக்கான பிரிவு) ரெப்போவை, அதாவது கோடு கிடங்கை, ஃபோர்க் (நமக்குன்னு ஒரு நகல்) பண்ணியாச்சு. டெஸ்ட் ஃபைல்ல நேரா ஒரு ஃபங்ஷன் எழுதிட்டாப் போதுமா? வேற எந்த ஃபைலைத் தொடணும்? பசங்களையும் இதுல சேர்த்துக்கணும், அதனால கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை_கிட்

நேரா எழுதாதீங்க தேவ். அந்த டெஸ்ட் ஃபைலோட தலையிலேயே, இது தானா உருவானதுன்னு ஒரு குறிப்பு இருக்கும். நீங்க கையால சேர்க்கிற வரி, அடுத்த தடவை அந்த ஃபைலை உருவாக்கிற ஜெனரேட்டர் ஓடினதும் காணாமப் போயிடும்.

மூலம் எங்க இருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். எல்லா மொழி ட்ராக்குக்கும் பொதுவா 'பிராப்ளம் ஸ்பெசிஃபிகேஷன்ஸ்'னு தனி ரெப்போ இருக்கு. பயிற்சியோட விளக்கம், 'கேனானிக்கல் டேட்டா'ங்கிற ஜேசன் (தகவலை வரிசைப்படுத்தி வைக்கிற ஒரு வடிவம்) ஃபைல் ரெண்டும் அங்கதான். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு யூயூஐடி (வேற எதுக்கும் இல்லாத அடையாளக் குறியீடு), ஒரு வரி விளக்கம், கொடுக்கிற இன்புட், வரவேண்டிய விடை எல்லாம் அந்த ஜேசன்ல இருக்கும். மொழி ட்ராக்குகள் அதை வாங்கித் தங்கள் மொழிக்கு ஏத்த டெஸ்டா மாத்திக்குது. பைத்தான் ட்ராக்ல ஒவ்வொரு பயிற்சி ஃபோல்டருக்குள்ளேயும் 'மெட்டா'ன்னு புள்ளியில ஆரம்பிக்கிற மறைவு ஃபோல்டர் இருக்கு. அதுக்குள்ள மாதிரி விடை, ஜின்ஜா டெம்ப்ளேட் (டெஸ்ட் ஃபைலை உருவாக்கிற அச்சு), 'டெஸ்ட்ஸ்'ங்கிற டாம்ல் (அமைப்பு விவரம் எழுதுற வடிவம்) ஃபைல் மூணையும் பார்ப்பீங்க. எந்த யூயூஐடியை இந்த ட்ராக் எடுத்துக்குது, எதை விலக்குதுன்னு சொல்றது அந்த டாம்ல் ஃபைல்தான். உங்க பசங்க கோடு எப்படித் தேறிச்சுன்னு பார்க்கணும்னா அதைத் திறங்க. 'இன்க்ளூட் = ஃபால்ஸ்'னு போட்ட டெஸ்ட் பசங்ககிட்ட வரவே வராது.

ஆக, புது டெஸ்ட் பொது ரெப்போவுலதான் சேரணும். அதுக்கு அப்புறம் ட்ராக் ரெப்போவுல கான்ஃபிக்லெட் கருவியோட 'சிங்க்' கட்டளையை ஓட்டினா புது யூயூஐடி டாம்ல்ல வந்து உட்காரும். பிறகு டெஸ்ட் ஜெனரேட்டர், கடைசியா மாதிரி விடை தேறுதான்னு சோதனை. கான்ஃபிக்லெட் ரெப்போவுல இருக்காது. 'பின்' ஃபோல்டர்ல இருக்கிற 'ஃபெட்ச் கான்ஃபிக்லெட்' ஸ்கிரிப்டை ஓட்டி இறக்கிக்கணும். யூயூஐடியையும் அதே கருவிகிட்டயே கேட்டு வாங்குங்க. பக்கத்து டெஸ்ட்ல இருந்து காப்பி அடிச்சு ஒரு எண்ணை மாத்துறவங்க இருக்காங்க. ரெண்டு டெஸ்டுக்கு ஒரே அடையாளம் வந்துட்டா எல்லா ட்ராக்கும் குழம்பும்.

அங்க இருக்கிற பழைய டெஸ்டைத் திருத்தாதீங்க. சேர்ந்த டெஸ்டோட இன்புட்டையும் விடையையும் மாத்தக் கூடாதுங்கிறது அங்க விதி. தப்பு இருந்தாலும் புது யூயூஐடியோட இன்னொரு டெஸ்ட் எழுதி, 'இது இன்னதுக்குப் பதில்'னு 'ரீஇம்ப்ளிமென்ட்ஸ்' குறிப்பு போடணும். எத்தனையோ ட்ராக் அந்த ஃபைலை நம்பி இருக்கு, அதான் இவ்வளவு கறார்.

இன்னொண்ணு. பல ட்ராக்குகள்ல வெளியாள் அனுப்புற புல் ரிக்வெஸ்ட் தானாவே மூடிக்கும். முதல்ல அவங்க மன்றத்துல பேசுங்கன்னு ஒரு பதில் வரும். பசங்க அதைப் பார்த்து மனசு விட்டுடக் கூடாது. பேசி ஒத்துக்கிட்டா அதே ரிக்வெஸ்டைத் திரும்பத் திறப்பாங்க. அதனால கோடுக்கு முன்னாடி பேச்சு.

ராயபுரம்_யூனிகோட்

வழியை கிட் அண்ணன் சொல்லிட்டார். பேச்சுல என்ன சொல்லப் போறீங்கங்கிறதுதான் எனக்குக் கவலை. 'எங்க மொழியிலயும் ஒண்ணு இருக்கட்டும்'னு கேட்டா எடுக்க மாட்டாங்க, எடுக்கவும் கூடாது. அங்க ஏற்கெனவே தாய்லாந்து மொழிச் சொல் ஒண்ணு டெஸ்டா இருக்கு. ஜெர்மன் சொல்லும் இருக்கு. அதெல்லாம் பிடிக்காத பிழையை உங்க டெஸ்ட் பிடிச்சாத்தான் அதுக்கு இடம்.

அப்படி ஒரு பிழை நிஜமாவே இருக்கு. 'தமிழ்'ங்கிறது கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோட்ல 5 குறி: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. பைத்தான்ல 'லென்' (நீளம்) கேட்டா 5னுதான் சொல்லும். வரவேண்டிய விடை 'ழ்மித'. வெறும் [::-1] போட்டா புள்ளி முன்னாடி வந்து நிக்கும், மவோட கொம்பு ழ மேல ஏறிடும். ஆனா இந்தத் தப்பைத் தாய்லாந்துச் சொல்லே பிடிச்சிடும்.

பிடிக்காதது எது? யூனிகோட் ஒட்டுக்குறிகளை வகை பிரிக்குது. இடம் அடைக்காத குறி 'எம்என்', இடம் அடைக்கிற குறி 'எம்சி'. அந்தத் தாய்லாந்துச் சொல்லில இருக்கிற ஒட்டுக்குறி எல்லாமே எம்என். ஜெர்மன் சொல்லிலயும் எம்சி குறி கிடையாது. அதனால 'எம்என் வந்தா முன்னெழுத்தோட சேர்த்துக்கோ'ன்னு மட்டும் எழுதின கோடு ரெண்டையும் தாண்டிடும். தமிழ்ல புள்ளியும் ஈகாரக் கொம்பும் எம்என். காலும் இகரக் கொம்பும் எம்சி. அந்தக் கோடு இங்க வந்து உடையும்.

அதனால 'தமிழ்' வேண்டாம், 'நிலா' கொடுங்க. 4 குறி, 2 எழுத்து, ரெண்டு ஒட்டும் எம்சி. விடை 'லாநி'. மேல சொன்ன கோடு ஓடினா, கால் தனியா முன்னாடி வந்து 'ாலிந'ன்னு விழும். 'தமிழ்'ல புள்ளியும் கலந்திருக்கிறதால எந்த வகைக் குறியால உடைஞ்சதுன்னு படிக்கிறவனுக்குத் தெரியாது. ஒரு டெஸ்ட் ஒரு பிழையைத்தான் காட்டணும்.

சொல் தேர்வுல இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வர்ற சொல் வேண்டாம். 'கொ'வை க, ஒகரக் குறின்னு 2 குறியாவும் எழுதலாம், க, ஒற்றைக் கொம்பு, கால்னு 3 குறியாவும் எழுதலாம். பார்க்க ஒண்ணுதான், ஒப்பிட்டா சமமில்லைன்னு வரும். எடிட்டரோ கீபோர்டோ எதை அடிச்சதுன்னு தெரியாம டெஸ்ட் விழும். ஔகாரத்துல கடைசிக் குறிக்குப் பதிலா ள அடிக்கிற பழக்கம் வேற நம்ம ஊர்ல பரவலா இருக்கு. அடுத்தது க்ஷ, ஸ்ரீ. யூனிகோட் விதி க்ஷவை க், ஷ-ன்னு ரெண்டாப் பிரிக்கும். படிக்கிறவர் ஒண்ணாப் பார்ப்பார். அந்தச் சண்டையை ஒரு தொடக்கப் பயிற்சிக்குள்ள கொண்டு போகாதீங்க.

மாதிரி விடைக்கு: பைத்தான் 3.13 ஸ்டாண்டர்ட் லைப்ரரியில எழுத்து பிரிக்கிற வசதி கிடையாது. 'யூனிகோட்டேட்டா'ங்கிற மாட்யூல்ல 'கேட்டகிரி'யை (குறியோட வகை) கேட்டு, எம்-ல ஆரம்பிச்சா முன்னெழுத்தோட ஒட்டிக்கோங்க. தமிழுக்கு இது போதும். அதே மாட்யூலோட 'கம்பைனிங்' ஃபங்ஷனை நம்பாதீங்க. புள்ளிக்கு 9 கொடுக்கும், கொம்புக்கும் காலுக்கும் 0 கொடுத்துடும்.

தண்டையார்பேட்டை_தேவ்

நன்றி அண்ணா. 'நிலா' எங்களுக்குத் தோணவே இல்லை. மன்றத்துல எம்சி காரணத்தை முன்னால வைக்கிறோம். ஒருவேளை வேண்டாம்னு சொல்லிட்டா பசங்களோட உழைப்பு வீணாகாம என்ன பண்ணலாம்? தமிழ்லயே பயிற்சித் தொகுப்பு ஒண்ணு வைக்கலாமா?

திருவொற்றியூர்_டெஸ்ட்

தாராளமா வைக்கலாம் தம்பி. எக்ஸர்சிஸத்தோட பயிற்சி ரெப்போக்கள் எம்ஐடி உரிமத்துல (எடுத்து மாத்திப் பயன்படுத்த விடுற உரிமம்) இருக்கு. விளக்கத்தைத் தமிழாக்கினாலும் அந்தக் காப்புரிமை வாசகத்தையும் உரிம வரிகளையும் உங்க ரெப்போவுல அப்படியே வெச்சிருக்கணும். அதை எடுத்துட்டா உரிமத்தை மீறினதா ஆகிடும்.

சொந்தமா எழுதினா நம்ம பக்கத்துப் பொருளை எடுங்க, ஆனா நாள்பட மாறாததா இருக்கணும். மெட்ரோ கட்டணத்தை டெஸ்ட்ல வெச்சா அது மாறின அன்னைக்கு டெஸ்ட் பொய்யாகிடும். நிலைய வரிசை பரவாயில்லை. 2021ல திறந்த விம்கோ நகர் நீட்டிப்பை எடுத்துக்கோங்க: தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி. முதல்ல இருந்து கடைசிக்கு எத்தனை நிலையம்? ஏறுற இடத்தையும் சேர்த்தா 5, தாண்டுறதை மட்டும் எண்ணினா 4. விளக்கத்துல இதைச் சொல்லாம விட்டா, சரியா யோசிச்ச பையனே தோத்துப் போவான், தப்பு தன்மேலன்னு நினைச்சுப்பான். ஏறுற இடமும் இறங்குற இடமும் ஒண்ணா இருந்தா என்ன விடை, பட்டியல்ல இல்லாத பேர் வந்தா எந்த எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு), அதுல என்ன வாசகம், எதிர்த்திசையில போனா எண் மைனஸ்ல வரலாமா — இதையெல்லாம் விளக்கமும் டெஸ்டும் ஒரே மாதிரி சொல்லணும்.

எழுதினவர் தவிர இன்னொருத்தர், விடையைப் பார்க்காம, விளக்கத்தை மட்டும் படிச்சுத் தீர்க்கட்டும். அவர் எங்க கேள்வி கேட்கிறாரோ அங்க ஒரு வரி குறையுது. அப்புறம் தப்பான விடையா நாலு எழுதி ஓட்டிப் பாருங்க. எந்தத் தப்பையும் பிடிக்காத டெஸ்ட் இருந்தா எடுத்துடுங்க.

கொருக்குப்பேட்டை_கிட்

மன்றத்துல போடுற பதிவை இங்கிலீஷ்ல சுருக்கமா வைங்க: பயிற்சியோட பேர், 'நிலா' இன்புட்டும் விடையும், இப்ப இருக்கிற டெஸ்டைத் தாண்டி இதுல மட்டும் விழுற கோடு ஒரு பத்து வரி. அந்தப் பத்து வரியைப் பசங்களே எழுதட்டும். ஜேசன்ல சேர்க்கிறப்ப பக்கத்துல இருக்கிற தாய்லாந்து டெஸ்டுக்கு 'சினாரியோஸ்'ல 'யூனிகோட்'னு போட்டிருக்கும், அதையும் மறக்காம போடுங்க. யூனிகோட் டெஸ்டை ஒட்டுமொத்தமா விலக்கணும்னு நினைக்கிற ட்ராக் அந்தக் குறிப்பை வெச்சுத்தான் விலக்கும்.